தண்ணீர் ஏறியது, ஷட்டரை ஏற்றினார்: ரைஸ், ரெய்ஸ், லை, லே பழகும் வழி

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்தை எங்கள் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்பார்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் அங்கே மூன்று வழிகளில் பிரிந்து போகும். சிறுமியாக இருந்தபோது அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து அங்கே போவேன். மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஷட்டர் என்கிற மதகுக் கதவு மேலே போகும். சற்று நேரத்தில் கீழே தண்ணீர் ஏறும். லஸ்கர் ஏற்றினார், தண்ணீர் ஏறியது.

பிற்காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். உயர்வதைச் சொல்லும் ரைஸ், உயர்த்துவதைச் சொல்லும் ரெய்ஸ் என்ற இரண்டு வினைகளையும், அவற்றைவிடப் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிக்கிற லை (கிடப்பது), லே (கிடத்துவது) என்ற இரண்டையும் நடத்தும்போதெல்லாம் அந்த ஷட்டர் என் கண்முன் வந்து நிற்கும். இப்போதும் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழியையே இங்கே எழுதுகிறேன். தமிழ் பேசுகிற ஒருவருக்கு இந்த நான்கு வினைகளும் கடினமாக இருக்கக் காரணமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை நம் பேச்சில் புழங்கிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். தமிழில் சில இணைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏறு, ஏற்று. உயர், உயர்த்து. உருள், உருட்டு. ஓடு, ஓட்டு. திருந்து, திருத்து. நிரம்பு, நிரப்பு. குளம் நிரம்பியது, குடத்தை நிரப்பினாள். பயிர் வளர்ந்தது, பயிரை வளர்த்தார். சொல்லுக்குள் ஒரு வல்லெழுத்து இரட்டித்து அழுத்தமாக வருகிறது, அவ்வளவுதான். தானாக நடந்த செயல் இன்னொருவர் செய்த செயலாகிவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைகூட "பந்தை உருண்டேன்" என்று சொல்லாது. இலக்கணம் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பெயரிட்டுச் சொல்கிறது. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, காது மறக்காது.

ஆங்கிலத்திற்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. தானாக நடப்பதைச் சொல்லும் வினையின் உயிரோசையை மாற்றி, நடக்கச் செய்வதைச் சொல்லும் வினையை உண்டாக்கினார்கள். கிடப்பதைக் குறிக்கும் லை என்ற வினையிலிருந்து, கிடக்கச் செய்வதைக் குறிக்கும் லே பிறந்தது அப்படித்தான். ரைஸ் பழைய ஆங்கிலச் சொல். ரெய்ஸ் மட்டும் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து அதற்கு இணையாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் எப்போதோ வற்றிவிட்டது, மிச்சமாக இப்படிச் சில இணைகளே நிற்கின்றன. நம் மொழியிலோ அது இன்னும் ஓடுகிற ஆறு. எனவே இந்த இடத்தில் நமக்கு வசதி அதிகம்.

இப்போது உச்சரிப்புக்கு வருவோம். ரைஸ் என்பதில் 'ஐ' ஓசை, ரெய்ஸ் என்பதில் ஆங்கில எழுத்தான 'ஏ'யின் ஓசை. இரண்டின் இறுதியிலும் வண்டு ரீங்கரிப்பதுபோலத் தொண்டை அதிர வேண்டும். அதிராமல் சொன்னால் முதலாவது அரிசியாகிவிடும், இரண்டாவது குதிரைப் பந்தயமாகிவிடும். லை, லே இரண்டிலும் இதே வேறுபாடு: முன்னதில் 'ஐ', பின்னதில் 'ஏ'.

இதை வைத்துத்தான் என் திண்ணைப் பிள்ளைகளுக்கு ஒரு விதி சொல்கிறேன். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ'. ஷட்டரை, கொடியை, விலையை என்று, செயல் எதன்மேல் போய் விழுகிறதோ அதனோடு ஒட்டிக்கொள்வது அது. ஆங்கில வினைக்குள்ளேயே 'ஐ' ஓசை இருந்தால், அந்த வாக்கியத்தின் தமிழில் 'ஐ' உருபு வராது. வினையில் 'ஏ' ஓசை இருந்தால் தமிழில் 'ஐ' உருபு வரும். ஒரே 'ஐ'தான், ஒன்று வினைக்குள் இருக்கும், இல்லையென்றால் பெயரோடு இருக்கும். "தண்ணீர் ஏறியது" என்பதில் உருபு இல்லை, ஆகவே ரைஸ். "ஷட்டரை ஏற்றினார்" என்பதில் உருபு இருக்கிறது, ஆகவே ரெய்ஸ். ஆங்கிலத்தில் அந்த இரண்டு வாக்கியங்களும் இப்படி அமையும்: "தி லஸ்கர் ரெய்ஸ்ட் தி ஷட்டர். தி வாட்டர் ரோஸ்."

ஒரு கவனம் தேவை. நாம் பல நேரங்களில் இந்த உருபை விழுங்கிவிடுவோம். "கொடி ஏற்றினார்கள்" என்கிறோம், "கோழி முட்டை இட்டது" என்கிறோம். உருபு கண்ணில் படவில்லை என்பதற்காக ரைஸ், லை என்று எழுதிவிடக் கூடாது. உருபைப் போட்டுப் பாருங்கள். "கொடியை ஏற்றினார்கள்" பொருந்துகிறது. "முட்டையை இட்டது" என்பதும் பொருந்துகிறது. "விலையை உயர்ந்தது" என்று போட்டுப் பாருங்கள், காது உடனே மறுத்துவிடும். அந்த மறுப்பை நம்புங்கள், அங்கே ரைஸ்தான்.

இனி முதல் இணையை விலைப் பேச்சில் வைத்துப் பார்ப்போம். எங்கள் காவிரி டெல்டாவில் பேசப்படும் விலை நெல் விலைதான். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24 பருவத்தில் குவிண்டாலுக்கு 2,183 ரூபாய், 2024-25 பருவத்தில் 2,300 ரூபாய். அரசு விலையை உயர்த்தியது: "தி கவர்ன்மென்ட் ரெய்ஸ்ட் தி ப்ரைஸ்." விலை உயர்ந்தது: "தி ப்ரைஸ் ரோஸ்." நடந்தது ஒன்றே. முதல் வாக்கியத்தில் அரசு கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவதில் தெரியவில்லை. எவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல 'பை' சேர்க்க வேண்டும்: "ரோஸ் பை 117 ருப்பீஸ்." எங்கே போய் நின்றது என்று சொல்ல 'டு': "ரோஸ் டு 2,300 ருப்பீஸ்." இந்த இரண்டு சிறு சொற்களை மாற்றிப் போட்டால் விவசாயியின் கணக்கே மாறிவிடும். "ரோஸ் டு 117" என்றால் நெல் குவிண்டால் 117 ரூபாய்க்கு விற்கிறது என்றாகிவிடும்.

"டீச்சர், மழை பெய்ததால்தானே அணையில் தண்ணீர் உயர்ந்தது? அப்படியானால் உயர்த்தியது மழைதானே, ரெய்ஸ்தானே வர வேண்டும்?" என்று ஒரு பையன் கேட்டான். மிகச் சரியான கேள்வி. உலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. வினையைத் தேர்ந்தெடுப்பது உலகத்தைப் பார்த்து அல்ல, நீங்கள் கட்டுகிற வாக்கியத்தைப் பார்த்து. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. "நீர்மட்டம் 120 அடிக்கு உயர்ந்தது" என்று நீங்கள் சொன்னால் மழை வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது, ரைஸ் போதும். "மழை நீர்மட்டத்தை உயர்த்தியது" என்றால் மழை உள்ளே வந்துவிட்டது, ரெய்ஸ் வர வேண்டும். ரெய்ஸுக்கு எழுவாயாக மனிதர்தான் வர வேண்டும் என்று விதி இல்லை.

வடிவங்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது. ரைஸ், ரோஸ், ரிசன். ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். முன்னது தன் உடம்பையே மாற்றிக்கொள்கிறது, பின்னது வாலை மட்டும் நீட்டிக்கொள்கிறது.

இங்கே நான் அதிகம் திருத்துகிற பிழை ஒன்று உண்டு. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தன் ஊரைப் பற்றிப் பேசிப் பழக வந்த ஒரு தம்பி, "தி வாட்டர் லெவல் வாஸ் ரிசன்" என்று எழுதிக்கொண்டு வந்தார். ஏன் 'வாஸ்' போட்டீர்கள் என்றேன். "'உயர்ந்திருந்தது' என்பதில் 'இருந்தது' வருகிறதே" என்றார். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் 'இருந்தது' தனியாக நிற்கும்போதுதான் 'வாஸ்'. இன்னொரு வினையோடு ஒட்டி முடிந்துபோன செயலைச் சொல்லும்போது அது 'ஹேட்'. "உயர்ந்திருந்தது" என்பது "ஹேட் ரிசன்." ரைஸ் ஒருநாளும் 'வாஸ் ரிசன்' ஆகாது. 'உயர்த்தப்பட்டது' என்று தமிழில் சொல்லலாம், 'உயரப்பட்டது' என்று சொல்ல முடியாது அல்லவா? அதே காரணம்தான். செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. "தி வாட்டர் லெவல் வாஸ் ரெய்ஸ்ட்" என்பது சரியான ஆங்கிலம்தான், ஆனால் பொருள் வேறு. தலைப்பில் ஷட்டர்களை இறக்கி, மேல்பக்கம் தண்ணீரைத் தேக்கி, மட்டத்தை யாரோ உயர்த்தினார்கள் என்று ஆகும். வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் இப்படி எழுதினால், கேட்பவர் யார் செய்தது என்று தேட ஆரம்பிப்பார்.

ரெய்ஸ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனி வாழ்வு இருக்கிறது. ஆங்கில நாளிதழ்களில் டெல்டாச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். குறுவை சாகுபடி செய்தார்கள் என்பதை "ரெய்ஸ்ட் குறுவை" என்று எழுதுவார்கள். நாற்றங்கால் விட்டார்கள் என்பதற்கு "ரெய்ஸ்ட் நர்சரிஸ்." ஏற்றுவதற்கும் பயிரிடுவதற்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டாம். மண்ணிலிருந்து மேலே வரச் செய்வதுதான் அது. பிள்ளைகளை வளர்ப்பதும் ரெய்ஸ், பணம் திரட்டுவதும் ரெய்ஸ், கையைத் தூக்குவதும் ரெய்ஸ். எல்லாவற்றிலும் 'எதை?' என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. கேள்வி எழுப்புவதும் ரெய்ஸ்தான். ஆனால் "ஒரு கேள்வி எழுந்தது" என்று சொல்லும்போது ரைஸ் போதாது, அதன் உடன்பிறப்பான அரைஸ் வர வேண்டும்: "எ கொஸ்டின் அரோஸ்." கேள்வி, சிக்கல், தேவை போன்றவை எழுவதற்கு அரைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது விலை உயர்வும் நீர்மட்ட உயர்வும் ரைஸ். சம்பள உயர்வை மட்டும் பிரிட்டனில் ரைஸ் என்றும் அமெரிக்காவில் ரெய்ஸ் என்றும் சொல்வார்கள்.

இரண்டாவது இணைக்கு வருகிறேன். இதில் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இதில் நானே பிள்ளைகளுக்குத் தவறு செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பசு நேற்று மரத்தடியில் படுத்துக் கிடந்தது என்ற பொருளில், 'யெஸ்டர்டே' என்று தொடங்கி 'லே' போட்டு ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். நேற்று நடந்ததற்கு நிகழ்கால வினையா என்று நினைத்து, சிவப்பு மையால் அடித்து 'லெய்ட்' என்று எழுதினேன். அரை மதிப்பெண் குறைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கிக்கொண்டு போனாள். சில வாரங்கள் கழித்து வேறொரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டியபோது, லை என்ற வினையின் இறந்தகாலமே லே என்பது கண்ணில் பட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில் அவளை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் தாளில் திருத்தி அந்த அரை மதிப்பெண்ணைக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த இணையை நடத்துவதற்கு முன்பு அகராதியைத் திறந்து பார்க்காமல் நான் வகுப்புக்குப் போனதில்லை.

சிக்கல் இதுதான். கிடப்பதற்கு: லை, லே, லெய்ன். கிடத்துவதற்கு: லே, லெய்ட், லெய்ட். நடுவில் நிற்கும் லே இரண்டு வீட்டுக்கும் சொந்தம். ஒரு வீட்டில் இறந்தகாலம், இன்னொரு வீட்டில் நிகழ்காலம். ஆகவே நான் சொன்ன 'ஐ', 'ஏ' விதியை நிகழ்கால வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். லே என்ற வடிவம் வந்தால் ஓசையை விட்டுவிட்டு 'எதை?' என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அது லையின் இறந்தகாலம்.

இதற்குத் துணையாக இன்னொரு இணையைக் காட்டுவேன். விழுவதற்கு: ஃபால், ஃபெல், ஃபாலன். வீழ்த்துவதற்கு: ஃபெல், ஃபெல்ட், ஃபெல்ட். இங்கேயும் நடுவில் நிற்கும் ஃபெல் இரண்டு வீட்டுக்கும் பொது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மரங்கள் விழுந்தன: "தி ட்ரீஸ் ஃபெல்." சாலையின் குறுக்கே கிடந்தன: "தி ட்ரீஸ் லே அக்ராஸ் தி ரோட்." பாதி முறிந்து நின்றவற்றை ஆட்கள் வெட்டி வீழ்த்தினார்கள்: "தே ஃபெல்ட் தி ட்ரீஸ்." துண்டுகளை ஓரமாக இட்டார்கள்: "தே லெய்ட் தி லாக்ஸ் பை தி ரோட்சைட்." இந்த நான்கு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் பத்து முறை சொல்லிவிட்டால், இரண்டு இணைகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நினைவில் நிற்கும்.

தமிழிலிருந்து வருகிற ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். வளர்ந்தது, வளர்த்தது என்பவற்றில் 'த்த' வந்தால் பிறர் செய்வது என்று காது பழகியிருக்கிறது. ஆனால் 'படுத்தான்' என்பதில் 'த்த' இருந்தும் அவன் தானாகத்தான் படுத்தான். அந்த ஓசையை நம்பியே பலர் "ஹி லெய்ட் ஆன் தி பெட்" என்று எழுதிவிடுகிறார்கள். எனவே லை, லே வரும்போது 'படு' என்ற வினையை ஒதுக்கிவிட்டு, 'கிட', 'கிடத்து' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். திண்ணையில் கிடந்தான் என்றால் லை வீடு. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள் என்றால் லே வீடு. நிலம் தரிசாகக் கிடக்கிறது: "தி லேண்ட் லைஸ் ஃபாலோ." மழையில் சாய்ந்த நெற்பயிர் தண்ணீரில் கிடக்கிறது: "தி பேடி இஸ் லையிங் இன் வாட்டர்." இதை 'லேயிங்' என்று எழுதினால் பயிர் எதையோ தண்ணீருக்குள் வைக்கிறது என்று ஆகிவிடும்.

'இடு' என்ற நம் வினையும் லேயோடு நன்றாகப் பொருந்தும். கோழி முட்டை இடுவது லே. தண்டவாளம் இடுவது, குழாய் பதிப்பது, செங்கல் அடுக்குவது, அடிக்கல் நாட்டுவது எல்லாம் லே. கோழியைப் பற்றிப் பேசும்போது மட்டும் முட்டையைச் சொல்லாமலே "தி ஹென்ஸ் ஆர் லேயிங்" என்று நிறுத்திக்கொள்வார்கள். கோழி வேறெதை இடப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

பொய் சொல்வதற்கும் லைதான், ஆனால் அது வேறு குடும்பம்: லை, லைட், லைட். அதைக் கிடப்பதோடு கலக்க வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலரும் பேச்சில் 'லை டவுன்' என்பதற்கு 'லே டவுன்' என்று சொல்வதைக் கேட்பீர்கள். பேச்சில் அது பரவியிருக்கிறது. தேர்விலும் விண்ணப்பத்திலும் அதைப் பின்பற்ற வேண்டாம் என்பது என் கண்டிப்பான அறிவுரை. சிட், செட் இணைக்கும் இதே முறைதான்: உட்காருவது சிட், ஓரிடத்தில் வைப்பது செட்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், விடையைப் பிறகு பாருங்கள். திருவாரூரில் விழாவுக்குக் கொடி ஏற்றினார்கள். கல்லணையில் நீர்மட்டம் உயர்ந்திருந்தது. அம்மா பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். அறுத்த கதிர்கள் இரண்டு நாட்களாகக் களத்தில் கிடக்கின்றன. பசு நேற்று மரத்தடியில் படுத்துக் கிடந்தது.

முதலாவது ரெய்ஸ்ட், ஏனென்றால் கொடியை. இரண்டாவது ஹேட் ரிசன், 'வாஸ்' கூடாது. மூன்றாவது லெய்ட். நான்காவதில் இன்னும் கிடக்கின்றன என்பதால் "ஹேவ் லெய்ன்" அல்லது "ஹேவ் பீன் லையிங்." ஐந்தாவது, அந்த மாணவி எழுதியதுதான்: "யெஸ்டர்டே தி கவ் லே அண்டர் தி ட்ரீ."